பற்கூழின் மேல் ஒரு துளி சுண்ணாம்பு



சென்ற மாதம் வந்த கடிதங்களில் ஒன்று எங்கள் அலுவலகத்தில் மேசை மேசையாகச் சுற்றியது. எழுதியவர் ஒரு பள்ளி ஆசிரியை. கடைவாய்ப் பல்லில் சொத்தை. பெரிய வலி இல்லை. ஜில்லென்று தண்ணீர் பட்டால் மட்டும் சுருக்கென்று ஒரு கூச்சம், உடனே போய்விடும். பல் மருத்துவர் சொத்தையைச் சுரண்டிக்கொண்டே போனபோது அடியில் குண்டூசித் தலை அளவுக்கு ரத்தம் எட்டிப் பார்த்திருக்கிறது. “நரம்பு தெரிஞ்சிடுச்சும்மா. ரூட் கெனால் பண்ணலாம். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு மருந்து வெச்சு மூடிப் பார்க்கலாம், நல்லா வரும்னு தோணுது” என்றாராம். மூடியாயிற்று. மாதங்கள் ஓடிவிட்டன, பல் அமைதியாக இருக்கிறது. அமைதியாக இல்லாதது வீடுதான். “அதெல்லாம் நிக்காது, அப்பவே ரூட் கெனால் பண்ணியிருக்கணும்” என்று நாத்தனார் முதல் பக்கத்து வீட்டார் வரை சொல்லிக்கொண்டிருக்கிறார்களாம். ‘அப்படி என்னதான் மருந்து அது? தெரிந்துபோன நரம்பு நிஜமாகவே ஆறுமா?’ என்று கேட்டிருக்கிறார்.

இந்த இதழின் நடுப்பக்கக் கட்டுரையை இந்தக் கேள்விக்காகவே ஒதுக்கியிருக்கிறோம். சிகிச்சை முறை, செலவு, யாருக்குச் செய்யலாம், யாருக்குக் கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. நான் இந்தப் பக்கத்தில் சொல்ல ஆசைப்படுவது வேறு. பல்லின் உயிருள்ள பகுதி வெளியே தெரிந்துவிட்டால் அதன் மேல் மனிதர்கள் இத்தனை காலமாக எதையெல்லாம் வைத்துப் பார்த்தார்கள், ஒவ்வொன்றுக்கும் அது என்ன பதில் சொன்னது என்ற கதை. கட்டுரையைச் செப்பனிடும் சாக்கில் இதைத் தேடித் தேடிப் படித்தேன். சுவாரசியம் விடவில்லை.

முதலில் பல்லுக்குள் கொஞ்சம் போய்வருவோம். வெளியே எனாமல், அதற்குள் டென்டைன், அதற்கும் உள்ளே பற்கூழ். நாம் பேச்சில் நரம்பு என்பது இதைத்தான். நரம்போடு ரத்தக் குழாய்கள், நார்த் திசு, நோய் எதிர்ப்புச் செல்கள் எல்லாம் சேர்ந்த மிருதுவான இளஞ்சிவப்புச் சதை. அதன் ஓரத்தில், டென்டைனின் உட்சுவரை ஒட்டினாற்போல வரிசையாக நிற்கும் செல்களுக்கு ஓடோன்டோபிளாஸ்ட் என்று பெயர். டென்டைனைக் கட்டியவை இவைதான். பல் முளைத்த பிறகும் இவை ஓய்வதில்லை. வாழ்நாள் முழுக்க உள்பக்கமாக மெல்லக் கட்டிக்கொண்டே இருக்கும். வயதானவர்களின் பல் எக்ஸ்ரேயில் கூழறை ஒடுங்கித் தெரிவது அதனால்தான்.

இந்தச் சதைக்கு ஒரு பெரிய சங்கடம் உண்டு. சுற்றிலும் கெட்டிச் சுவர். ரத்தம் வந்துபோக வேரின் நுனியில் மிகச் சிறிய வழி. கையில் அடிபட்டால் வீங்கித் தணியும். பற்கூழுக்கு வீங்க இடமே கிடையாது. அழற்சி கூடினால் அழுத்தம் கூடும், ரத்த ஓட்டம் தடுமாறும், பகுதி பகுதியாகச் செத்துக்கொண்டே போகும். அந்தக் காலத்து மருத்துவர்கள் நம்பிக்கை இழந்ததில் வியப்பில்லை. ரேபெல் என்ற ஜெர்மானியர் 1922-ல், வெளியே தெரிந்துவிட்ட பற்கூழ் போனது போனதுதான் என்று தீர்ப்பே எழுதிவிட்டார். அந்தத் தீர்ப்பு பல தலைமுறைகளுக்குச் செல்லுபடியானது. நம் ஆசிரியையின் நாத்தனார் இன்று சொல்வதும் ஏறக்குறைய அதுதான்.

அதற்கும் முன்பே முயன்று பார்த்தவர்கள் இருந்தார்கள். பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக்கின் பல் மருத்துவராக இருந்த ஃபிலிப் பாஃப் 1756-ல் வெளியிட்ட நூலில், தெரிந்த பற்கூழின் மேல் மெல்லிய தங்கத் தகட்டை வைத்து மூடுவதைப் பற்றி எழுதினார். தகட்டைக் கிண்ணம் போலக் குழிவாக வளைத்துக்கொள்ள வேண்டும், கூழை அது தொடக்கூடாது, அதன் மேல்தான் அடைப்பு. கிருமி என்றால் என்னவென்றே உலகம் அறியாத நாளில் ஒருவர் இவ்வளவு யோசித்திருக்கிறார். 1826-ல் லண்டனில் நூல் வெளியிட்ட லியோனார்ட் கோக்கரின் வழி முரட்டு வழி. பழுக்கக் காய்ச்சிய கம்பியால் கூழின் முனையைச் சுட்டுவிட்டு, ஈயத் தகட்டால் மூடினார். மயக்க ஊசி வராத காலம். அந்த நோயாளிகளை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

பிறகு வந்தது நமக்கெல்லாம் பழக்கமான பொருள், கிராம்பு எண்ணெய். அதன் சாரமான யூஜினாலையும் துத்தநாக ஆக்ஸைடையும் குழைத்த பசை உலகம் முழுக்கப் பல் மருத்துவ அறைகளின் வாசனையாகவே ஆனது. வலியைச் சட்டென்று அடக்கும். பல்லின் மேல், டென்டைன் குறுக்கே இருக்கும்போது அது நல்ல மருந்துதான். கூழையே நேராகத் தொடும்படி வைத்தால் கதை மாறுகிறது. கிளாஸ், சாண்டர் இருவரும் 1949-ல் இதை ஒப்பிட்டுக் காட்டினார்கள். கிராம்புப் பசையின் கீழே கூழ் ஆறவில்லை. அழற்சி நாள்பட்டதாக நீடித்தது, மூடிக்கொள்ளப் புதுச்சுவர் எதுவும் எழவில்லை. நோயாளிக்கோ வலி இல்லை. வலி இல்லாததையும் ஆறியதையும் ஒன்றென்று நினைத்துவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி பல் மருத்துவத்தில் எனக்குத் தெரியவில்லை.

அதே ஒப்பீட்டில் ஜெயித்த பொருள் எது தெரியுமா? சுண்ணாம்பு. கால்சியம் ஹைட்ராக்ஸைடு என்று பெயர் மாற்றிச் சொன்னாலும், வேதியியலில் அது தாத்தா வெற்றிலையில் தடவிய நீற்றுச் சுண்ணாம்பேதான். சுத்தம் செய்யப்பட்டது, அளந்து தயாரிக்கப்பட்டது என்பதுதான் வித்தியாசம். ஹெர்மன் என்ற ஜெர்மன் பல் மருத்துவர் 1920-ல் இதைப் பல் சிகிச்சைக்குள் கொண்டுவந்தார். அதன் அடியில் கூழ் தானாக ஒரு கடினமான பாலம் கட்டிக்கொள்கிறது என்று பின்னர் தெரியவந்தது. டென்டைன் பாலம் என்று அதற்குப் பெயர். ஓட்டையின் இரு கரையையும் இணைத்து, காயத்தைக் கூழறையின் உள்ளிருந்தே அடைத்துவிடும்.

சுண்ணாம்பு கூடிப்போனால் நாக்கு வெந்துவிடும் என்பது வெற்றிலை போடுகிற எல்லாருக்கும் தெரியும். பற்கூழிலும் நடப்பது அதேதான். அதன் காரத்தன்மை பிஎச் அளவில் ஏறத்தாழ 12.5. தொட்ட இடத்தில் திசுவின் மேல்படலத்தைச் சுட்டுக் கருக்கிவிடுகிறது. அந்தச் செத்த படலத்துக்கும் உயிருள்ள சதைக்கும் நடுவே இருக்கிறதே எல்லைக்கோடு, அங்கேதான் எல்லாம் தொடங்குகிறது. சுவீடனின் உல்லா ஷ்ரோடர் இந்த வரிசையை 1985-ல் அழகாகத் தொகுத்து எழுதினார். முதல் சில நாட்கள் லேசான அழற்சி. பிறகு ஆழத்திலிருந்து புதுச் செல்கள் காயத்தை நோக்கி நகர்ந்து வருகின்றன. கொலாஜன் நார்கள் பின்னப்படுகின்றன. ஏறத்தாழ ஒரு மாதத்தில் அந்த நார்வலையில் தாதுக்கள் படிந்து இறுகுகின்றன. மூன்று மாதமாகும்போது அதன் அடிப்பக்கத்தில் டென்டைனை ஒத்த அடுக்கும், அதைக் கட்டும் செல் வரிசையும் காணக் கிடைக்கின்றன.

இங்கே ஒரு கேள்வி. காயத்தில் ஓடோன்டோபிளாஸ்ட்கள் செத்துப்போயினவே, பிறகு கட்டுவது யார்? அவை பிரிந்து பெருகக்கூடிய செல்கள் அல்ல. பதில் வெகு தாமதமாகத்தான் கிடைத்தது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஸ்டான் க்ரோந்தோஸ், சோங்தாவ் ஷி முதலானோர் 2000-ல், பிடுங்கிய ஞானப் பற்களின் கூழிலிருந்து தண்டுச்செல்களைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் இருந்த ஆய்வாளர்கள் இன்னொரு முனையைப் பிடித்தார்கள். பல் உருவான காலத்தில் டென்டைனுக்குள்ளேயே புதைந்துபோன வளர்ச்சிப் புரதங்களைச் சுண்ணாம்பு மெல்லக் கரைத்து வெளியே விடுகிறது என்று 2006-ல் காட்டினார்கள். பல் தன் மராமத்துக்கு வேண்டிய உத்தரவைத் தன் சுவரிலேயே எழுதிவைத்திருக்கிறது. மருந்து செய்வது அதைக் கரைத்துக் கூழின் காதில் போடுகிற வேலை.

சரி, சுண்ணாம்புதான் ஆற்றியது என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்த வேளையில், 1965-ல் ஓர் ஆய்வு வந்தது. இந்தத் துறையில் ஒரே ஒரு ஆய்வுக் கட்டுரையைத்தான் படிக்கலாம் என்றால் நான் அதைத்தான் கையில் எடுப்பேன். ககேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற மூவர் செய்தது. இரண்டு கூட்டம் எலிகள். ஒரு கூட்டம் சாதாரண எலிகள். இன்னொன்று பிறந்ததிலிருந்தே கிருமியற்ற கூண்டில், கிருமியற்ற உணவில் வளர்ந்தவை. இரண்டிலும் கடைவாய்ப் பல்லைத் துளைத்துக் கூழை வெளியே தெரியவிட்டு, எதையும் வைத்து மூடாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். சாதாரண எலிகளில் எட்டு நாளைக்குள் கூழின் மேல்பாதி செத்தது. பிறகு முழுவதும் அழிந்து வேர்நுனியில் சீழ் வைத்தது. கிருமியற்ற எலிகளிலோ, ஓட்டைக்குள் உணவுத் துணுக்கு அடைந்து கிடந்தும்கூட, 14 நாளில் பாலம் கட்டத் தொடங்கி, மூன்று நான்கு வாரத்தில் முழுவதும் மூடிக்கொண்டது. மருந்து இல்லை, சுண்ணாம்பு இல்லை, தங்கத் தகடும் இல்லை.

படித்துவிட்டு நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். ரேபெல் பார்த்த சாவுகளுக்குக் காரணம் கூழின் பலவீனம் அல்ல. உள்ளே நுழைந்த கிருமி. கிருமி இல்லையென்றால், அடைபட்டுக் கிடக்கும் அந்தத் துளிச் சதைக்குத் தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளத் தெரியும்.

அடுத்து வந்தவர்கள் இதை இன்னும் ஒரு படி தள்ளிப் பார்த்தார்கள். அமெரிக்காவின் சார்லஸ் காக்ஸும் கூட்டாளிகளும் 1987-ல் வெளியிட்ட ஆய்வில், கூழுக்கு விஷம் என்று ஒதுக்கப்பட்டிருந்த பொருட்களையே நேராகக் கூழின் மேல் வைத்தார்கள். பாதரசக் கலவையான அமால்கம், சிலிகேட் சிமென்ட், துத்தநாக பாஸ்பேட் சிமென்ட். ஆனால் மேல்விளிம்பில் கிருமி நுழையாதபடி தனியே ஓர் அடைப்பைப் போட்டார்கள். கூழ் ஆறியது. ‘பொருள் கெட்டது’ என்று அதுவரை சொல்லப்பட்டதில் பெரும்பகுதி, பொருளைச் சுற்றிய இடுக்கு வழியாகக் கிருமி கசிந்ததன் பழி.

என் கட்சி இதிலிருந்து பிறப்பதுதான். பற்கூழின் மேல் எதை வைத்தோம் என்று இரு நூற்றாண்டுகளாகப் பேசிக்கொண்டிருந்தோம். எப்படி மூடினோம் என்பதைப் பேச வெகு காலம் பிடித்தது. ஒவ்வொரு பொருளுக்கும் கிடைத்த புகழிலும் பழியிலும் பாதிக்குச் சொந்தக்காரர், விளிம்பில் இருந்த அடைப்பு. மீதிப் பாதி மட்டும்தான் பொருளுடையது. அந்த மீதியும் சின்ன விஷயம் இல்லை, அதையும் பார்த்துவிடுவோம்.

சுண்ணாம்பின் குறை எங்கே இருக்கிறது என்பதையும் காட்டியவர் அதே காக்ஸ்தான். அவர் குழு 1996-ல் குரங்குப் பற்களில் உருவான டென்டைன் பாலங்களை மெல்லிய சீவல்களாக வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தது. ஒரே ஒரு சீவலைப் பார்த்தால் பாலம் கரைக்குக் கரை கெட்டியாகத் தெரியும். அடுத்தடுத்த சீவல்களைப் புரட்டினால்தான் குட்டு வெளிப்படும். சாயமேற்றிய பாலத்தின் நடுவே, ரத்தக் குழாய் ஓடிய தடத்தில், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை துளை. நூற்றுக்கு 89 பாலங்களில் அப்படிப்பட்ட சுரங்கத் துளைகள் இருந்தன. மேலே வைத்த சுண்ணாம்பு வருடங்கள் போகப்போகக் கரைந்து சுருங்கிவிடும். பல்லோடு ஒட்டும் குணமும் அதற்கு இல்லை. மேல் அடைப்பில் கசிவு ஏற்பட்டால் கிருமி நேராகத் துளை வழியே இறங்கிவிடும். எக்ஸ்ரேயில் வெள்ளைக் கோடாகப் பாலம் தெரிகிறது என்று மருத்துவர் மகிழ்ந்தால், அந்த மகிழ்ச்சிக்குக் கொஞ்சம் தள்ளுபடி கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

பெர்லினில் பல் மருத்துவ மாணவர்கள் சுண்ணாம்பு வைத்து மூடிய 123 சொத்தைப் பற்களைப் பல வருடம் கழித்துக் கூப்பிட்டுப் பார்த்த கணக்கு 2000-ல் வெளியானது. ஐந்து வருடமான பற்களில் நூற்றுக்கு 44.5 தோல்வி. பத்து வருடமானவற்றில் 79.7. அந்த ஆய்வே இன்னொன்றையும் சொன்னது: மூடிய இரண்டு நாளுக்குள் நிரந்தர அடைப்பு போடப்பட்ட பற்கள் கூடுதலாகப் பிழைத்தன.

தொண்ணூறுகளில் நடுவே ஒரு ஆசை முளைத்தது. பல் நிறத்து அடைப்புக்குப் பயன்படும் ரெசின் பசையையே நேராகக் கூழின் மேல் தடவிவிட்டால் கிருமி நுழைய இடுக்கே இருக்காதல்லவா? குரங்குகளில் சில நல்ல முடிவுகள் வந்தன, ஊக்கமாகப் பேசப்பட்டது. மனிதப் பற்களில் வைத்தபோது பாலமே கட்டவில்லை. ரெசின் துளிகளைச் சுற்றி அழற்சிச் செல்கள் அந்நியப் பொருளைச் சூழ்வதுபோலச் சூழ்ந்து நின்றன. பற்களில் அமிலம் தடவி ஒட்டும் அந்த முறையை பாமெய்ஜர், ஸ்டான்லி இருவரும் 1998-ல் குரங்குகளிலேயே மறுபடி சோதித்து, பேரழிவு என்ற சொல்லையே கட்டுரைத் தலைப்பில் போட்டார்கள். எலிகளை வைத்து மூலக் கேள்விக்கு விடை சொன்ன அதே ஸ்டான்லிதான்.

அடுத்த பொருள் வீடு கட்டுகிற இடத்திலிருந்து வந்தது. கலிஃபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் தோராபிநெஜாத் என்ற பேராசிரியர் குழு, 1993-ல் எம்டிஏ என்ற பல் சிமென்ட்டை அறிமுகப்படுத்தியது. அதன் முக்கால் பங்கு, சுத்திகரித்த போர்ட்லேண்ட் சிமென்ட். ஐந்தில் ஒரு பங்கு, எக்ஸ்ரேயில் தெரிவதற்காகச் சேர்த்த பிஸ்மத் ஆக்ஸைடு. மீதி ஜிப்சம். இங்கிலாந்தில் 1824-ல் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கிய, நாம் கூரைக்குக் கான்கிரீட் போடுகிற அதே வம்சம். (மூட்டை சிமென்ட்டை எடுத்துப் பல்லில் வைக்கலாமா என்று யாரும் எழுதிவிடாதீர்கள். ஈயம், ஆர்சனிக் போன்ற மாசுகளை நீக்கி, நுண்ணிய மாவாக அரைத்துத் தயாரிப்பது இது.)

தண்ணீரில் குழைத்தால் ஈர மணல் பதத்தில் வரும். எடுப்பதும் வைப்பதும் கைப்பழக்கம் கேட்கும் வேலை. ஆனால் ஈரத்தில்தான் இறுகும் என்பதால் ரத்தமும் திசுநீரும் அதற்குப் பகையில்லை. இறுகும்போது அது வெளியே விடுவது என்ன என்று கேட்டால் சிரிப்பு வரும்: கால்சியம் ஹைட்ராக்ஸைடு. சுற்றிச் சுற்றிப் பழைய சுண்ணாம்புக்கே வந்து சேர்ந்துவிட்டோம். ஒரே வித்தியாசம், இது தான் கரைந்து ஓடிவிடாமல், கல்லாக நின்றபடி சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறது. சுடுவதும் குறைவு, பாலம் பெரும்பாலும் பொருளை ஒட்டியே எழுகிறது.

1996-ல் பிட் ஃபோர்டும் தோராபிநெஜாத்தும் மற்றவர்களும் குரங்குகளில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஐந்து மாதம் கழித்து, எம்டிஏ வைத்த ஆறு பற்களிலும் பாலம், ஐந்தில் அழற்சியே இல்லை. சுண்ணாம்பு வைத்த ஆறிலும் அழற்சி, இரண்டில்தான் பாலம். மனிதர்களின் ஞானப் பற்களில் ஈரானிய ஆய்வாளர்கள் செய்த ஒப்பீடு 2003-ல் வந்தது: ஆறு மாதத்தில் எம்டிஏ கீழே பாலத்தின் தடிமன் 0.43 மில்லிமீட்டர், சுண்ணாம்பின் கீழே 0.15.

இப்படிப்பட்ட மனித ஆய்வுகளைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பல் வரிசையைச் சீராக்குவதற்காகவோ வேறு காரணத்துக்காகவோ எப்படியும் பிடுங்கப்போகிற, சொத்தையில்லாத பல்லைச் சம்மதத்தோடு துளைத்து, மருந்து வைத்து, வாரங்கள் கழித்துப் பிடுங்கிச் சீவிப் பார்ப்பதுதான் வழக்கம். வேறு வழியும் இல்லை. ஆனால் அந்தப் பல்லின் கூழ் கிருமியையே பார்க்காத கூழ். நம் ஆசிரியையின் பல், மாதக்கணக்கில் சொத்தையோடு மல்லுக்கட்டிய பல். முன்னதில் கிடைத்த மதிப்பெண் பின்னதுக்கு அப்படியே கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சொத்தைப் பற்களில் கிடைத்த கணக்குகளையும் பார்த்துவிடுவோம். டென்மார்க், சுவீடனில் பியோர்ன்டால் குழு 2010-ல் வெளியிட்ட ஆய்வில், ஆழமான சொத்தையில் தெரிந்த கூழைச் சுண்ணாம்பு வைத்து மூடியதில் ஒரு வருடத்தில் தேறியவை நூற்றுக்கு 31.8 மட்டுமே. அதற்கு இரண்டு வருடம் முன்பு லாஸ் ஏஞ்சலஸின் ஜார்ஜ் போகன் எம்டிஏ வைத்து மூடி, ஒன்பது வருடம் வரை பின்தொடர்ந்த 49 பற்களில் 48 நன்றாக இருந்தன என்று எழுதியிருந்தார். ஒன்றில் மூன்றில் ஒரு பங்கு, இன்னொன்றில் கிட்டத்தட்ட முழுசும். இரண்டும் பொய்யில்லை. பொருள் வேறு, கிருமிநாசினியால் கழுவிய விதம் வேறு, நுணுக்கமாகப் பழகிய ஒரே கை ஒரு பக்கம், பல மருத்துவமனைகளின் பல கைகள் மறுபக்கம், போகனின் நோயாளிகளில் குழந்தைகளும் இளவயதினரும் அதிகம். இளம் பல்லில் வேர்நுனி அகலம், ரத்த ஓட்டம் தாராளம்.

எனக்கு அதிகம் நம்பிக்கை தருவது நடுவே விழுகிற எண்கள்தான். அமெரிக்காவின் வடமேற்கில் 35 சாதாரண பல் மருத்துவர்களைச் சீட்டுக் குலுக்கலாக இரு பிரிவாக்கி, அவர்களுடைய அன்றாட நோயாளிகளிடமே செய்த ஆய்வு 2013-ல் வந்தது. இரண்டு வருடத்தில் சுண்ணாம்பு தோற்றது 31.5 சதவீதம், எம்டிஏ தோற்றது 19.7. ஜெர்மனியின் ஹைடல்பெர்கில் 229 பற்களை நீண்ட காலம் பின்தொடர்ந்து 2014-ல் சொன்ன கணக்கில் எம்டிஏ வென்றது 80.5 சதவீதம், சுண்ணாம்பு 59. பொருளுக்கும் பங்கு உண்டு என்று நான் சொன்னது இதை வைத்துத்தான். ஹைடல்பெர்கிலும் பெர்லின் பாட்டே திரும்பக் கேட்டது: நிரந்தர அடைப்பை இரண்டு நாளோ அதற்கு மேலோ தள்ளிப்போட்ட பற்களின் நிலை மோசம்.

எம்டிஏவுக்கும் குறைகள் உண்டு. விலை அதிகம். இறுகுவதற்கு இரண்டே முக்கால் மணி நேரம் பிடிக்கும். அதிலுள்ள பிஸ்மத் ஆக்ஸைடு, ரத்தம் நிறுத்தத் தடவுகிற ஹைப்போகுளோரைட் கரைசலைத் தொட்டால் கறுத்துவிடும். முன்பல்லில் வைத்தால் சாம்பல் நிறம் வெளியே தெரியும். பிரெஞ்சு நிறுவனமான செப்டோடான்ட் 2010-ஐ ஒட்டிக் கொண்டுவந்த பயோடென்டின் அந்தக் குறைகளில் சிலவற்றைத் தீர்த்தது. பிஸ்மத்துக்குப் பதில் சிர்கோனியம் ஆக்ஸைடு, வேகமாக இறுக கால்சியம் குளோரைடு. பன்னிரண்டு நிமிடம் போல ஆகும். போலந்து ஆய்வாளர்கள் 2013-ல் 28 மனிதக் கடைவாய்ப் பற்களில் ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது, பயோடென்டினின் கீழும் எம்டிஏவின் கீழும் கூழ் நடந்துகொண்டதில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. பெரும்பாலானவற்றில் முழுப் பாலம். கடையில் எந்தப் பெயர் இருக்கிறது என்பதைப் பற்றி இனிமேல் ரொம்ப அலட்டிக்கொள்ள வேண்டாம் என்பது என் கணக்கு. இரண்டும் கால்சியம் சிலிகேட் குடும்பம். ஐரோப்பிய பல்வேர் சிகிச்சைச் சங்கம் 2019-ல் வெளியிட்ட நிலைப்பாட்டிலும் முன்னே வைத்தது அந்தக் குடும்பத்தைத்தான்.

இந்தப் பாலம் நிஜமான டென்டைன்தானா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. இத்தாலியின் ரிக்கூச்சி போன்றவர்கள் சீவல்களைக் காட்டி, இதில் டென்டைனுக்குரிய ஒழுங்கான நுண்குழாய்கள் எங்கே, வடுபோல இறுகிய தாதுக்கட்டிதானே இது என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். வடுவாகவே இருந்தாலும் கிருமியைத் தடுத்தால் எனக்குப் போதும். முழங்காலில் விழுந்து ஆறிய இடத்தில் பழைய தோலையே யாரும் எதிர்பார்ப்பதில்லை.

நாற்காலியில் படுத்திருக்கும்போது உங்களுக்குத் தெரியாமல் மருத்துவர் ஒரு சின்னச் சோதனை செய்கிறார். பல்லைச் சுற்றி ரப்பர் டேம் என்ற மெல்லிய விரிப்பைக் கட்டி எச்சில் வராமல் தடுத்துவிட்டு, கூழ் தெரிந்த இடத்தில் ஹைப்போகுளோரைட் நனைத்த பஞ்சு உருண்டையை வைத்து மெல்ல அழுத்திப் பிடிக்கிறார். சில நிமிடங்களில் ரத்தம் நின்றால், உள்ளே சதை பெரும்பாலும் நலம். செக்கச்சிவப்பாக வந்துகொண்டே இருந்தால் அழற்சி ஆழமாக இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அப்போது மேல்கூழைக் கொஞ்சம் வெட்டி எடுத்துவிட்டு மூடுவார், அல்லது வேர் சிகிச்சைக்குப் போவார். அந்தப் பஞ்சு உருண்டை சொல்கிற பதில், எக்ஸ்ரே சொல்வதைவிடச் சில நேரம் பயனுள்ளது.

ஆகவே, ஆசிரியை அவர்களே, உங்கள் கேள்விக்கு வருகிறேன். தெரிந்த நரம்பு ஆறும். உங்கள் மருத்துவர் செய்தது சோம்பேறித்தனம் இல்லை. நீங்கள் எழுதிய அறிகுறிகளுக்கு முறையான முயற்சிதான். குளிர்ச்சி பட்டால் ஒரு கணம் கூசி உடனே போகும் பல் ஆறக்கூடிய பல். நடுராத்திரி தானாக எழுந்து வலிக்கிற, சூடு பட்டு வலி நெடுநேரம் நிற்கிற பல்லாக இருந்திருந்தால் நானும் உங்கள் நாத்தனார் பக்கம் சாய்ந்திருப்பேன். உங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை இரண்டு. வைத்தது கால்சியம் சிலிகேட் வகையா, பழைய சுண்ணாம்பா? மேலே இருப்பது நிரந்தர அடைப்பா, தற்காலிகமா? தற்காலிகம் என்றால் இந்த இதழை முடிக்கும் முன்பே நேரம் வாங்கிவிடுங்கள். வலி இல்லையென்றாலும் ஆறு மாதம், ஒரு வருடம், பிறகு வருடா வருடம் போய்க் குளிர்ச்சிச் சோதனையும் எக்ஸ்ரேயும் பார்த்துவர வேண்டும். சத்தமில்லாமல் சாகிற கூழும் உண்டு. கிராம்புப் பசையின் கதையை மேலே சொன்னேனே.

குழந்தைகளின் பால் பற்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. சொத்தையால் கூழ் தெரிந்த பால் பல்லில் நேராக மூடுவதைவிட, மேல்கூழை எடுத்துவிட்டு மூடும் முறையையே பெரும்பாலும் விரும்புகிறார்கள். அதைப் பற்றி மூன்று அம்மாக்களும் ஒரு தாத்தாவும் எழுதியிருக்கிறார்கள். அடுத்த இதழில் குழந்தைப் பல் மருத்துவர் ஒருவர் பதில் சொல்கிறார். உங்களுக்கும் கேள்வி இருந்தால் இருபதாம் தேதிக்குள் அனுப்புங்கள். பல்லில் என்ன அறிகுறி, எத்தனை நாளாக, என்ன சிகிச்சை நடந்தது என்பதைத் தெளிவாக எழுதுங்கள். எக்ஸ்ரே படத்தை உறையில் வைத்து மடித்து அனுப்ப வேண்டாம், ஒடிந்துவிடுகிறது.

அன்புடன்,
ஆசிரியர்